மழலைப் பாட்டிலிருந்து மாணவர் எழுத்துவரை
– நாஞ்சில்நாட்டுச் சிறுவர் இலக்கிய வரலாற்றில் ஒரு நோக்கு –

தோற்றுவாய்

தமிழகத்தில் எழுத்தறிவு மிக்க மாவட்டம் கன்னியாகுமரி. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு ஆகும். மாநிலத்தில் முதலிடம் இதற்கே. இவ்வூர் மக்கள் இதனைப் பெருமையோடு சொல்லிக்கொள்வதில் வியப்பில்லை. ஆயினும் எழுத்தறிதல் வேறு, எழுதுதல் வேறு. பிறர் எழுதியதைப் பிழையின்றிப் படிக்கவும், கேட்டதைக் கேட்டவாறே எழுதவும் வல்ல ஒரு குழந்தை, தன் மனத்தில் எழுந்ததைத் தன் சொற்களால் எழுதவும் வல்லதாகிறதா? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர், நாஞ்சில்நாட்டின் கல்வி வரலாற்றையும் சிறுவர் இலக்கிய வரலாற்றையும் ஒருசேர நோக்குதல் வேண்டும்.

குழந்தையைப் பற்றிய இலக்கியம் தமிழுக்குப் புதியதன்று. பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடினார். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை பத்துப் பருவங்களாகக் குழந்தையின் வளர்ச்சியைப் பாடிற்று. ஆனால் அவற்றைப் படித்துச் சுவைப்பவர் பெரியவரே. பாடப்படுவது குழந்தை, கேட்பது புலவர் அவை. ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் குழந்தையை நோக்கியே பேசுகின்றன என்றாலும், அவை பேசுவது அறிவுரை. குழந்தையின் கண்ணால் உலகைக் கண்டு, குழந்தையின் நாவுக்கு இசைந்த சொல்லால், குழந்தை மகிழ்வதற்கென்றே எழுந்த இலக்கியம் கடந்த நூற்றாண்டின் ஆக்கமே ஆகும். அவ்வாக்கத்தில் நாஞ்சில்நாட்டுக்குச் சிறப்பானதோர் இடம் உண்டு.

சாலையும் திண்ணையும்

கல்வி இம்மண்ணுக்கு நேற்று வந்ததன்று. முஞ்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவசேகரபுரத்தில், கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயில் எழுப்பி, அதனோடு ஒரு சாலையையும் நிறுவினான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட அச்சாலையில் தொண்ணூற்றைந்து சட்டர்க்கு இடம் ஒதுக்கப்பட்டமையைச் செப்பேடு தெரிவிக்கிறது. மாணவர்க்கு உணவும் உறையுளும் தந்து, ஒழுக்க விதிகளும் வகுத்த நிறுவனம் அது. எனினும் அது வேதம் பயில்வோர்க்கு உரியதாயிருந்தது. உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் பனையேறுபவர் வீட்டுப் பிள்ளைக்கும் அங்கு இடமில்லை.

பின்னாளில் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் தோன்றின. மணலில் விரலால் எழுதிப் பழகி, ஓலையில் எழுத்தாணியால் எழுதத் தேர்ந்து, எண்சுவடியையும் நிகண்டையும் சதகங்களையும் மனனம் செய்வதே அப்பள்ளிகளின் முறை. வாத்தியார் சொல்ல, சட்டாம்பிள்ளை திருப்பிச் சொல்ல, மற்றப் பிள்ளைகள் ஒருங்கே ஒப்பிப்பர். இம்முறையை இகழ்வதற்கில்லை. நினைவாற்றலையும் செவிச்செல்வத்தையும் அது வளர்த்தது. ஆனால் பிள்ளையின் சொல்லுக்கு அங்கு வேலையில்லை. பிள்ளை வாய்திறப்பது பிறர் சொல்லைத் திருப்பிச் சொல்லுதற்கே.

1806இல் ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடிக்கு வந்தபின், இலண்டன் மிஷன் சங்கத்தார் இப்பகுதியில் பள்ளிகள் பலவற்றைத் தோற்றுவித்தனர். அதுகாறும் பள்ளிவாசலை மிதிக்காத குலத்தவரின் ஆண்மக்களும் பெண்மக்களும் ஏடு ஏந்தினர். யார் படிப்பது என்னும் வினாவுக்கு இவ்வாறு ஒரு விடை கிடைத்தது. எதைப் படிப்பது, படித்தபின் எதை எழுதுவது என்னும் வினாக்கள் எஞ்சி நின்றன.

தேரூர் தந்த செல்வம்

சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் 1876ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27ஆம் நாள் பிறந்தவர் தேசிகவிநாயகம் பிள்ளை. பாரதியாருக்கு ஆறாண்டு மூத்தவர். நாஞ்சில்நாடு அன்று திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தமையால், வீட்டில் தமிழ் பேசிய அச்சிறுவன் பள்ளியில் மலையாளமே கற்க நேர்ந்தது. தமிழ் அவனுக்குப் பள்ளிக்கு வெளியே கிடைத்தது. தேரூரை அடுத்த வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை மடத்தின் சாந்தலிங்கத் தம்பிரானே அவனுக்குத் தமிழ் நூல்களைப் பயிற்றுவித்தார்.

தாய்மொழி பள்ளியில் கிட்டாத ஒருவரே பிற்காலத்தில் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் பாடி மகிழும் பாடல்களைத் தந்தார் என்பது எண்ணி எண்ணி நெகிழத்தக்கது. இழப்பை அறிந்தவரே அதன் அருமையையும் அறிவர் போலும். 1901இல் புத்தேரியைச் சேர்ந்த உமையம்மையை அவர் மணந்தார். அவ்விணையருக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. தமக்கை மகனைத் தம் மகனாக வளர்த்தனர். தமக்கெனக் குழந்தையில்லாத அவர் தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் பாட்டனாராயினார்.

அவருடைய குழந்தைப் பாடல்களில் வருபவை எவை? தோட்டத்தில் மேயும் வெள்ளைப் பசு, அதனிடம் துள்ளி வரும் கன்று, காகம், கோழி, கிளி. இவையெல்லாம் தேரூர்க் குளக்கரையிலும் புத்தேரி வீட்டு முற்றத்திலும் நாள்தோறும் காணப்பட்டவை. பறவைகள் திரளும் அந்தச் சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உலகம் இன்று போற்றும் அந்நீர்நிலையின் கரையில் வளர்ந்தவருடைய பாட்டில் புள்ளும் ஆவும் இயல்பாக வந்தமர்ந்ததில் வியப்பில்லை. குழந்தை காணும் பொருளைக் குழந்தை பேசும் சொல்லில், குழந்தை துள்ளும் தாளத்தில் தந்தமையே அவர் செய்த புதுமை. பசுவும் கன்றும் பற்றிய பாட்டில் அறிவுரை ஏதுமில்லை. ஆயினும் அதைப் பாடும் பிள்ளை அன்பு இன்னதென்று அறிந்துகொள்கிறது.

எளிமை என்பது எளிதில் வருவதன்று. கல்வெட்டு ஆராய்ச்சியில் தோய்ந்து காந்தளூர்ச் சாலை பற்றி எழுதியவரும், ஆங்கிலத்திலிருந்து ‘ஆசிய ஜோதி’யையும் உமர்கய்யாம் பாடல்களையும் தமிழாக்கியவரும் அவரே. அத்தகைய புலமையாளர் தம் புலமையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுக் குழந்தையின் அருகில் அமர்ந்தார். 1938இல் வெளிவந்த ‘மலரும் மாலையும்’ தொகுதியில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட குழந்தைப் பாடல்கள் இடம்பெற்றன. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் 1940ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் அவருக்குக் ‘கவிமணி’ என்னும் பட்டம் வழங்கப்பட்டது. 2005இல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

ஆசிரியரை ஆக்கிய ஆசிரியர்

கவிமணியைக் கவிஞராகவே போற்றிப் பழகிய நாம், அவர் முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார் என்பதைப் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. கோட்டாற்றுத் தொடக்கப்பள்ளியிலும், நாகர்கோவில் போதனா முறைப் பாடசாலையிலும், திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியிலும் அவர் பணியாற்றி 1931இல் ஓய்வு பெற்றார். இவற்றுள் இரண்டாவது, ஆசிரியர்க்குப் பயிற்சி தரும் நிறுவனம் என்பது கருதத்தக்கது. ஒரு வகுப்பில் ஓராசிரியர் கற்பிப்பது சில பிள்ளைகளுக்கு. ஆசிரியராகப் போகிறவர்க்குக் கற்பிப்பவரோ, தாம் என்றும் காணாத ஊர்களின் பள்ளிகளுக்கும் சென்று சேர்கிறார்.

பள்ளிதோறும் எழுத்தாளர் சென்று கதை சொல்வதும், பிள்ளைகளை எழுதத் தூண்டுவதும் இன்று ஓர் இயக்கமாக வளர்ந்து வருகிறது. அவ்வியக்கத்தின் வேரைத் தேடிச் செல்வோர் போதனா முறைப் பாடசாலையின் வகுப்பறையையும் எட்டிப்பார்க்க வேண்டும். எழுத்தாளர் ஒருநாள் வந்து போவார். ஆசிரியர் ஆண்டு முழுதும் இருப்பார். இருவரும் ஒருவராகவே அமைந்த பேறு நாஞ்சில்நாட்டுக்கு அன்றே கிட்டியது.

கதை கேட்டு வளர்ந்த நாடு

பாட்டுக்குக் கவிமணி என்றால், கதைக்கு இம்மண் முழுதுமே ஆசிரியர். வில்லுப்பாட்டு தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில்நாட்டிலும் தழைத்த கலை. சுடலைமாடன் கதையும் முத்துப்பட்டன் கதையும் கொடைவிழா இரவுகளில் விடிய விடியப் பாடப்பட்டன. புலவர் கதையை நடத்திச் செல்ல, உடனிருப்போர் ‘ஆமாம்’ போட, கேட்போர் அழுதும் சிரித்தும் கதைக்குள் நுழைந்தனர். தாயின் மடியில் உறங்கியும் விழித்தும் இதைக் கேட்ட குழந்தைக்குக் கதையின் கட்டமைப்பு பாடம் இல்லாமலே படிந்தது. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இவ்வில்லுப்பாட்டைத் திரைக்கும் மேடைக்கும் கொண்டுசென்று நாடறியச் செய்தார்.

கதைக்கு உள்ள ஆற்றல் பொழுதுபோக்கோடு நிற்பதன்று. கவிமணியின் ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ இதற்குச் சான்று. மருமக்கள் தாய முறையால் மனைவியும் மக்களும் உரிமையற்றுத் துன்புற்றதை, அத்துன்பத்துக்கு ஆளான ஒரு பெண்ணின் வாய்மொழியாகவே நகைச்சுவையும் அழுகையும் கலந்து அந்நூல் கூறியது. முதலில் இதழில் வெளிவந்த அது ஊரார் உள்ளத்தைத் தைத்தது. 1926இல் நாஞ்சில்நாட்டு வேளாளர்க்கான சட்டம் வந்து வாரிசு முறை மாறியதற்குப் பலருடைய முயற்சிகள் காரணம் எனினும், மக்கள் மனத்தைப் பக்குவப்படுத்தியதில் அக்கதைப்பாட்டுக்கும் பங்குண்டு. தன் துயரைத் தன் சொல்லில் சொல்லத் தெரிந்த ஒரு குரல் ஊர் வழக்கத்தையே அசைக்கும் என்பதை நாஞ்சில்நாடு அன்றே கண்டறிந்தது.

கண்ணன் இதழும் சசிதேவனும்

விடுதலைக்குப் பிற்பட்ட காலம் சிறுவர் இதழ்களின் பொற்காலம். கலைமகள் நிறுவனம் நடத்திய ‘கண்ணன்’ இதழுக்கு ஆர்வி ஆசிரியராக இருந்தார். வளரும் எழுத்தாளர் பலர்க்கு அவ்விதழே பயிற்சிக்களமாயிற்று. பின்னாளில் அம்பை என்று புகழ்பெற்ற எழுத்தாளரின் முதல் நாவலான ‘நந்திமலைச் சாரலிலே’ கண்ணன் நடத்திய போட்டியில் பரிசு பெற்றதே ஆகும். ஒரு சிறுவர் இதழ் வாசகரை மட்டுமன்றி எழுத்தாளரையும் உருவாக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அதே கண்ணன் இதழில் சசிதேவன் என்னும் புனைபெயரில் குழந்தைக் கவிதைகள் எழுதியவர் நாஞ்சில்நாட்டு அழகியபாண்டியபுரத்தில் 1932இல் பிறந்த கிருஷ்ணன் நம்பி. அவருடைய குழந்தைப் பாடல்கள் ‘யானை என்ன யானை?’ என்னும் நூலாக 1965இல் வெளிவந்தன. ‘மருமகள் வாக்கு’ என்னும் சிறுகதையால் இலக்கிய உலகம் இன்றும் நினைவுகூரும் அவர், குழந்தைப் பாடலுக்கும் தம் எழுத்தில் இடம் தந்தவர். 1976இல் நாற்பத்து நான்கு வயது நிறைவதற்கு முன்பே அவர் மறைந்தது தமிழுக்கு நேர்ந்த பேரிழப்பு.

நம்பியின் நண்பரான சுந்தர ராமசாமி 1931இல் பிறந்தவர். அவரும் பள்ளியில் மலையாளம் கற்று, தமிழைப் பின்னர்த் தம் முயற்சியால் கற்றவர். கவிமணி பிறந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றபின்னும் இம்மண்ணில் பிறந்த ஒரு தமிழ்ச் சிறுவனின் நிலை மாறவில்லை என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். மொழிவழி இணைப்புக்கான போராட்டத்தில் 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. அதன்பின் ஏழு வாரம் நிறைவதற்குள், செப்டம்பர் 26ஆம் நாள், கவிமணி மறைந்தார். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்ததைக் காண அவர் இல்லை. தமிழ்ப்பிள்ளை தமிழில் படிப்பது என்பது இங்கு இயல்பாய்க் கிடைத்ததன்று, கேட்டுப் பெற்றது.

குழந்தைக் கவிஞரும் எழுத்தாளர் சங்கமும்

கவிமணியின் வழியில் வந்து சிறுவர் இலக்கியத்தை ஓர் அமைப்பாக வளர்த்தவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா. புதுக்கோட்டைச் சீமையின் இராயவரத்தில் 1922இல் பிறந்து வங்கிப் பணி புரிந்த அவர், 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றக் காரணமானார். எழுதுவோர் தனித்தனியே நின்ற நிலை மாறி, ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்டுத் திருத்தவும், மாநாடு கூடி ஆராயவும் வழி பிறந்தது. பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியமும் அவ்வெழுச்சிக் காலத்தின் பேறே.

வள்ளியப்பா 1989இல் மறைந்தார். அதன்பின் சிறுவர் இதழ்கள் ஒவ்வொன்றாக நின்றன. தொலைக்காட்சியும், பின்னர்க் கைப்பேசியும் பிள்ளைகளின் மாலைப்பொழுதைக் கவர்ந்துகொண்டன. இதழ்கள் நின்றபோது, பிள்ளை தன் எழுத்தை அனுப்பிவைக்கத் தக்க முகவரியும் உடன் மறைந்தது என்பதே பெரிய இழப்பு.

எழுத்தாளர் பள்ளிக்கு வரும் நாள்

அம்முகவரி இழப்பை ஈடுசெய்ய எழுத்தாளர் தாமே பள்ளிக்கு நடந்து வரும் வழக்கம் தோன்றியது. இதற்கு உலகெங்கும் முன்னோடிகள் உண்டு. உக்ரைன் நாட்டுப் பாவ்லிஷ் என்னும் சிற்றூரில் தலைமையாசிரியராக இருந்த சுகம்லீன்ஸ்கி, பிள்ளைகளை வயல்வெளிக்கு அழைத்துச்சென்று, கண்டதைக் கதையாக்கச் சொன்னார். இத்தாலியச் சிறுவர் எழுத்தாளர் ஜான்னி ரொடாரி 1972இல் ரெஜ்ஜோ எமிலியா நகரில் ஆசிரியர்களைச் சந்தித்து உரையாடி, கதை புனையும் நெறிகளை மறு ஆண்டில் நூலாக்கினார். தொடர்பற்ற இரு சொற்களை எதிரெதிரே நிறுத்தினால் அவற்றிடையே கதை பிறக்கும் என்பது அவர் கண்ட நெறிகளுள் ஒன்று. ‘பனைமரம்’, ‘கடிகாரம்’ என்று இரு சொற்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒதுங்கி நின்றால், அகத்தீசுவரத்துப் பிள்ளையும் அங்கிருந்து தானே நடக்கத் தொடங்கிவிடும்.

அண்டையிலுள்ள கேரளத்திலும் குஞ்ஞுண்ணி மாஷ் இருந்தார். பள்ளி ஆசிரியராகவும் குட்டிக் கவிதைகளின் கவிஞராகவும் விளங்கிய அவர், மாத்ருபூமி வார இதழின் சிறுவர் பகுதியைக் ‘குட்டேட்டன்’ என்னும் பெயரில் நடத்தி, எழுதத் தொடங்கும் பிள்ளைகள் பலரை வளர்த்தெடுத்தார். தமிழில் இன்று ஆயிஷா இரா. நடராசன், வேலு சரவணன், மு. முருகேஷ், விழியன் முதலியோர் கதை, நாடகம், உரையாடல் என்று பலவழியில் பிள்ளைகளை அடைந்து வருகின்றனர். இவர்களுள் முதல் மூவரும் முறையே 2014, 2017, 2021 ஆண்டுகளில் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் விருது பெற்றவர்கள். கன்னியாகுமரி மாவட்ட எழுத்தாளர் ஜெயமோகன் தினமணியின் சிறுவர்மணியில் ‘பனிமனிதன்’ தொடரை எழுதியதும் இங்கு நினைக்கத்தக்கது. 2022இல் பள்ளிக் கல்வித் துறையே மாணவர்க்கென ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ ஆகிய இதழ்களைத் தொடங்கியமை, இழந்த முகவரி மீளக் கிடைத்ததன் அறிகுறி எனலாம்.

எழுத்தாளர் வகுப்பறையில் நுழையும்போது நிகழ்வது யாது? புத்தகத்தின் மேலட்டையில் அச்சாகியிருந்த பெயருக்கு ஒரு முகமும் குரலும் கிடைக்கின்றன. எழுதுபவர் எங்கோ தொலைவில் இருப்பவர் அல்லர், நம்மைப்போல் நடந்து வந்து, நம்மைப்போல் தண்ணீர் குடிப்பவர் என்று பிள்ளை அறிகிறது. ‘மக்களே’ என்று நாஞ்சில்நாட்டு முறையில் விளித்துக் கதை தொடங்கி, பாதியில் நிறுத்தி, ‘இனி நீங்க சொல்லுங்க’ என்று கதைசொல்லி கேட்கும்போது, நூற்றாண்டுகளாக ஒப்பித்தே பழகிய வகுப்பறையில் முதன்முறையாகப் பிள்ளையின் சொல்லுக்கு வேலை வருகிறது.

தடையாக நிற்பவை

ஆயினும் ஒருநாள் விழாவால் மட்டும் பயன் விளையாது. எழுத்தாளர் சென்றபின் பிள்ளை எழுதிக் கொணரும் முதல் பக்கத்தை யார் படிப்பது, எவ்வாறு படிப்பது என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. அப்பக்கத்தில் வீட்டு மொழி வரும். ‘மெதுவாக’ என்னாமல் ‘பைய’ என்று வரும். ஒற்று மிகும் இடத்தில் மிகாது. மிகாத இடத்தில் மிகும். அதைக் கண்டதும் சிவப்பு மையை எடுப்பவர், பிள்ளை என்ன சொல்லவந்தது என்பதைக் கேளாமலே அதன் வாயை அடைக்கிறார். பிழை திருத்தம் வேண்டாம் என்பதன்று. முதலில் கதையைக் கேட்டு, பின்னர் எழுத்தைத் திருத்துதல் வேண்டும். ‘பைய’ என்பது பிழையன்று. அது இம்மண்ணின் செல்வம்.

கவிமணியின் பாடல்களுக்கே நேர்ந்த நிலையை நோக்கினால் இது விளங்கும். பிள்ளைகள் துள்ளிப் பாடுவதற்கென்று அவர் தந்தவற்றைப் போட்டி மேடையில் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மனப்பாடப் பகுதியாக்கிவிட்டோம். பசுவும் கன்றும் பாட்டைப் பிழையின்றிச் சொன்ன பிள்ளைக்குப் பரிசளிக்கிறோம். தன் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றி நான்கு வரி எழுதிய பிள்ளையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கவிமணி உயிரோடிருந்தால் இரண்டாவது பிள்ளையையே அருகழைத்து அமர்த்தியிருப்பார் என்பதில் ஐயமில்லை.

நிறைவாக

பார்த்திவசேகரபுரத்துச் சாலையில் இடம் பெற்றவர் தொண்ணூற்றைவர். இன்று பள்ளிவாசல் எல்லார்க்கும் திறந்திருக்கிறது. தமிழும் போராடிப் பெற்ற உரிமையாகக் கையில் இருக்கிறது. எழுத்தறிவில் முதலிடமும் வாய்த்திருக்கிறது. எஞ்சியுள்ளது, அறிந்த எழுத்தைக் கொண்டு தன்னைச் சொல்லும் துணிவைப் பிள்ளைக்குத் தருவது ஒன்றே.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இலக்கிய வட்டங்கள் பெரியவர் பேசிப் பெரியவர் கேட்கும் கூட்டங்களோடு நின்றுவிடலாகாது. ஆண்டுக்குச் சில பள்ளிகளையேனும் தெரிந்தெடுத்து, ஓர் எழுத்தாளரை ஒருமுறைக்கு இருமுறை அனுப்பி, பிள்ளைகள் எழுதியவற்றை வாங்கிப் படித்து, நல்லனவற்றைச் சிறு தொகுப்பாக அச்சிட்டு அவர்கள் கையிலேயே தருதல் வேண்டும். தன் பெயரை அச்சில் காணும் பிள்ளை அப்பக்கத்தை வாழ்நாள் முழுதும் பாதுகாக்கும். அழகியபாண்டியபுரத்துச் சசிதேவனுக்கு ஒரு கண்ணன் இதழ் இருந்தது. தேரூர்ச் சிறுவனுக்கு ஒரு தம்பிரான் இருந்தார். இன்று எழுதக் காத்திருக்கும் பிள்ளைக்கும் அத்தகைய ஒருவர் வேண்டும். அவர் வரும்வரை அதன் கதை பாதியிலேயே நிற்கும்.